144-இல் முளைத்த கால்கள்

கொரோனா ஊரடங்கில் வாக்கிங் போகலாமா, கூடாதா என்று கேட்க எத்தனையோ பேருக்கு உரிமை இருந்தது. எனக்குக் கிடையாது. 'தினமும் அரை மணி நேரம் நடங்க' என்று டாக்டர் வருடக்கணக்காகச் சொல்லி, நானும் வருடக்கணக்காகத் தலையாட்டி, ஒரு கட்டத்தில் அவர் பொறுமையிழந்து சீட்டிலேயே மாத்திரைகளுக்குக் கீழே 'வாக்கிங் 30 நிமிடம்' என்று எழுதி அடிக்கோடும் போட்டுக் கொடுத்தார். மருந்துக்கடைக்காரர் அந்த வரியை மட்டும் விட்டுவிட்டு மற்றதையெல்லாம் கொடுத்தார். நானும் அதோடு விட்டுவிட்டேன்.

நங்கநல்லூரில் குடியிருந்துகொண்டு நடக்க வசதியில்லை என்று சொன்னால் அடுக்காது. ஓய்வுபெற்றவர்கள் நிறைந்த பேட்டை. விடிகாலை ஐந்தரைக்கெல்லாம் மப்ளரும் குரங்குக் குல்லாவுமாகத் தெரு களைகட்டிவிடும். எங்கள் தெருமுனையில் மாநகராட்சிப் பூங்கா. அதில் எட்டு போட்டு நடப்பதற்கென்றே சிமெண்டில் பாதை. நான் மார்கழியில் பனி என்பேன், சித்திரையில் வெயில் என்பேன், ஐப்பசியில் சேறு என்பேன். மிச்சமிருக்கும் மாதங்களுக்கு முழங்கால் இருந்தது. ஆடித் தள்ளுபடியில் வாங்கிய ஷூ, உள்ளே திணித்த காகிதத்தைக்கூட எடுக்காமல் அலமாரி மேல் பெட்டியிலேயே கிடந்தது.

2020 மார்ச் 24 மாலை 6 மணிக்குத் தமிழ்நாட்டில் 144 தடை உத்தரவு. அன்றிரவு 8 மணிக்குப் பிரதமர் தொலைக்காட்சியில் தோன்றி நாடு முழுக்க 21 நாள் ஊரடங்கு என்றார். மறுநாள் விடிகாலை, அலாரம் வைக்காமலே எனக்கு விழிப்பு வந்தது. கால் பரபரவென்றது. ஜன்னல் வழியாகப் பார்த்தால் தெரு வெறிச்சோடிக் கிடக்கிறது, வேப்பம்பூ உதிர்ந்திருக்கிறது, காற்றோ அத்தனை சுத்தம். இப்படியொரு தெருவில் நடக்க முடியாமல் செய்துவிட்டார்களே என்று எனக்கு வந்த ஆத்திரத்தைப் பார்த்து என் மனைவி ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"பூங்கா திறந்திருந்தப்போ?"

அதற்குப் பதில் சொல்வதைவிட அரசாணையைப் படிப்பது சுலபமாக இருந்தது. உள்துறை அமைச்சகத்தின் வழிகாட்டுதலை இறக்கி, வக்கீல் குமாஸ்தாவின் சிரத்தையோடு வரிவரியாகப் பார்த்தேன். ரேஷன் கடைக்கு விலக்கு உண்டு. பால், காய்கறி, இறைச்சி, மீன், வங்கி, ஏடிஎம், பத்திரிகை எல்லாவற்றுக்கும் உண்டு. கால்நடைத் தீவனத்துக்குக்கூட உண்டு. என் சர்க்கரைக்கு இல்லை. லண்டன் பக்கம் இருக்கும் மகள் போனில் ஏற்றிவிட்டாள்: "இங்க ஒரு நாளைக்கு ஒரு தடவை எக்சர்சைஸுக்கு வெளிய போகலாம்ப்பா, பிரதமரே சொல்லிட்டார்." பிரான்ஸில் நமக்கு நாமே ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக்கொண்டு, வீட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் ஒரு மணி நேரம் உலாவலாமாம். ஸ்பெயினில் அதுவும் கிடையாது. ஆனால் நாய் வைத்திருப்பவர்கள் அதை நடத்திக்கொண்டு போகலாம். எங்கள் தெருவில் நாய்களுக்குப் பஞ்சமில்லை. அவற்றில் எதுவும் என்னோடு வரச் சம்மதிக்காது என்பதுதான் சிக்கல்.

இதற்கு நேரெதிராக என் மச்சான் கொச்சியிலிருந்து செய்தி அனுப்பினான். பனம்பிள்ளி நகரில் காலை வாக்கிங் போன 41 பேரை ட்ரோன் வைத்துக் கண்டுபிடித்துப் போலீஸ் கைது செய்துவிட்டது. ஏப்ரல் 4-ஆம் தேதி. இதைப் படித்ததும் பயந்தேன் என்று சொல்வதுதான் மரியாதை. உண்மையில் பெரிய நிம்மதியாக இருந்தது. அன்று காலை 'நாளைக்கு நிச்சயம் போறேன்' என்று வீட்டில் சொல்லியிருந்தேன்.

விஞ்ஞானமும் எனக்கு இப்படித்தான் வேண்டிய வேளையில் கைகொடுத்தது. ஏப்ரலில் வாட்ஸப்பில் ஒரு படம் சுற்றியது. பெல்ஜியம், நெதர்லாந்து ஆராய்ச்சியாளர்கள் கணினியில் போட்டுப் பார்த்தது. நடப்பவருக்குப் பின்னால் போகிறவர் நாலைந்து மீட்டர் தள்ளிப் போக வேண்டும், ஓடுகிறவராக இருந்தால் 10 மீட்டர் என்று, வாயிலிருந்து நீர்த்துளிகள் வால்போல் நீள்கிற படம். பார்த்தாலே அடிவயிறு கலங்கும். பிறகு சீன ஆய்வு ஒன்று வந்தது. ஹூபே மாகாணத்துக்கு வெளியே 318 இடங்களில் கூட்டமாகப் பரவியதை ஆராய்ந்ததில், வெட்டவெளியில் பரவியது ஒரே ஒரு இடத்தில்தான். மற்றவையெல்லாம் வீடு, வண்டி, கடை என்று கூரைக்குக் கீழே. சோம்பலாக இருந்த நாளில் பெல்ஜியத்தைக் காட்டினேன், உற்சாகம் பிறந்த நாளில் சீனாவைக் காட்டினேன். 'விழித்திரு, விலகி இரு, வீட்டில் இரு' என்று அரசாங்கம் மூன்று கட்டளை போட்டிருந்தது. மூன்றாவதை மட்டும் நான் பழுதில்லாமல் கடைப்பிடித்தேன்.

வீட்டில் எல்லாருமாகச் சேர்ந்து எனக்குச் சொன்ன தீர்ப்பு, மொட்டை மாடி.

ஊரடங்குக் காலத்துச் சென்னையில் மொட்டை மாடி என்பது தனி ராஜ்ஜியம். எங்கள் அடுக்ககத்தில் பன்னிரண்டு வீடுகள். சங்கச் செயலாளர் லிஃப்ட் பக்கத்தில் நேர அட்டவணை ஒட்டிவிட்டார். காலை வேளை பெரியவர்களுக்கு, பத்து மணிக்கு மேல் வடாம் காயப்போடுபவர்களுக்கு, மாலை பிள்ளைகளுக்கு. வடாம் போடும் பருவமாதலால், நடக்கிறவன் ஒருபக்கம் பழைய வேட்டிமேல் வரிசையாக உட்கார்ந்திருக்கும் ஜவ்வரிசி வடாமையும், மறுபக்கம் கொடியில் தொங்கும் ஈரப் போர்வையையும் தப்பித்துப் போகவேண்டும். நடுவில் தண்ணீர்த் தொட்டி. தொட்டியை எந்தப் பக்கமாகச் சுற்றுவது என்று முதல் வாரமே தகராறு. நான் என் பாட்டுக்கு இடமாகச் சுற்றிக்கொண்டிருந்தேன். எதிரே வந்த பெரியவர் நின்றுவிட்டார். "பிரதட்சணமா வாங்கோ சார்." தொட்டிக்கா என்று கேட்க வாயெடுத்தேன். அவர் முகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பி நடந்தேன். அதன்பின் அடுக்ககம் முழுக்க அந்தச் சின்டெக்ஸ் தொட்டியை முறைப்படி வலம் வந்தது.

மூன்றாவது மாடி மாமிக்கு எழுபதைத் தாண்டிய வயது. ரப்பர் செருப்பு, இடுப்பில் செருகிய தலைப்பு, காதில் போன். பெங்களூரில் இருக்கும் அக்காவோடு ரசப்பொடி விகிதம் பேசிக்கொண்டே என்னைத் தாண்டிப் போவார். நான் ஒரு சுற்று முடிப்பதற்குள் மறுபடியும் தாண்டுவார். தாண்டும்போது 'எக்ஸ்க்யூஸ் மி' என்பார். அந்த மரியாதைதான் தாங்க முடியவில்லை. கைப்பிடிச் சுவரருகே நின்று வானத்தை ரசிப்பதாகக் காட்டிக்கொண்டேன். ரசிக்க விஷயமும் இருந்தது. மீனம்பாக்கத்துக்குப் பக்கத்தில் இருக்கிறவர்களுக்கு விமானச் சத்தம் வீட்டு மனுஷர் மாதிரி. பேச்சை நடுவில் நிறுத்தி, அது போனபிறகு விட்ட இடத்தில் தொடர்வது எங்கள் ஊர்ப் பழக்கம். அந்த இரண்டு மாதமும் வழக்கமான பயணி விமானங்கள் இல்லை. மாமி ரசப்பொடியைத் தடங்கல் இல்லாமல் பேசி முடித்தார். மே 25-ஆம் தேதி உள்நாட்டு விமானங்கள் மறுபடி பறக்கத் தொடங்கியதும், பாதிப் பேச்சில் நிறுத்த வேண்டும் என்பதே பலருக்கு மறந்துபோயிருந்தது.

மாடி நடையில் நேர்ந்த அடுத்த விபரீதம், காலடிக் கணக்கு. அடுக்ககத்து இளைஞர் ஒருவர் வாட்ஸப் குழு ஆரம்பித்து, இரவு பத்து மணிக்குள் அவரவர் போன் காட்டும் எண்ணிக்கையைப் படம் பிடித்துப் போடவேண்டும் என்றார். இலக்கு பத்தாயிரம். நான் உடனே ஆராய்ச்சியில் இறங்கி, இந்தப் பத்தாயிரம் எந்த மருத்துவரும் சொன்னதல்ல, டோக்கியோ ஒலிம்பிக் முடிந்த கையோடு 1965-இல் ஜப்பானியக் கம்பெனி ஒன்று காலடி எண்ணும் கருவியை விற்கப் பிடித்த எண் என்று நீளமாக எழுதினேன். எல்லாரும் கட்டைவிரல் காட்டினார்கள். மாமி மட்டும் ஓர் இணைப்பைப் போட்டார். 2019-இல் அமெரிக்காவில் வந்த ஆய்வு. சராசரி வயது 72 உள்ள பெண்களில், நாளுக்கு சுமார் 4,400 அடி நடந்தவர்களிடமே, 2,700 அடியோடு நின்றவர்களைவிட இறப்பு கணிசமாகக் குறைவு. 7,500-க்கு மேல் போனால் கூடுதல் லாபம் இல்லை. ஆக, பத்தாயிரம் வேண்டாம் என்ற என் கட்சி ஜெயித்தது. நான் அந்தப் பாட்டிகளின் 4,400-ஐயும் எட்டவில்லை என்பது இரவு பத்து மணிக்குத் தெரிந்தது.

அதற்கும் வழி கண்டேன். சாயங்காலம் அன்றைய சுகாதாரத்துறைச் செயலர் பீலா ராஜேஷின் பேட்டி தொலைக்காட்சியில் வரும். சோபாவில் உட்கார்ந்து பார்த்தபடியே போனைப் பிடித்த கையை மெல்ல ஆட்டிக்கொண்டிருந்தால் போன் அதை நடையாக எண்ணிக்கொள்கிறது. அங்கே தொற்று எண்ணிக்கை ஏற, இங்கே என் காலடி எண்ணிக்கை ஏறும். "கை நடுங்குதா என்ன, டாக்டருக்குப் போன் பண்ணட்டுமா?" என்று என் மனைவி உண்மையான கவலையோடு கேட்டதற்கு நான் சொன்ன பதிலை இங்கே எழுத முடியாது. மே 8-ஆம் தேதி காலை, ஜால்னாவிலிருந்து ஊருக்குத் தண்டவாளத்தையொட்டி நடந்தே புறப்பட்டு, களைத்துத் தண்டவாளத்திலேயே படுத்துத் தூங்கிய தொழிலாளர்கள் 16 பேர் அவுரங்காபாத் அருகே சரக்கு ரயில் ஏறிச் செத்துப்போனார்கள். சிதறிக்கிடந்த ரொட்டிகளைத் தொலைக்காட்சியில் காட்டினார்கள். அன்றிரவு பத்து மணிக்கும் குழுவில் படங்கள் வந்தன. என்னுடையதும் வந்தது.

தெருவுக்குப் போகவே இல்லையா என்றால், போனேன். துணிப்பையோடு. அந்த நாட்களில் சென்னையில் துணிப்பை என்பது பாஸ்போர்ட். அது கையில் இருந்தால் காய் வாங்கப் போகிறவர், இல்லாவிட்டால் ஊர் சுற்றுகிறவர். நான் தினம் ஒரு பொருள் என்று பிரித்துக்கொண்டேன். ஒரு நாள் கொத்தமல்லி, ஒரு நாள் இஞ்சி. பக்கத்துக் கடையை விட்டு மூன்று தெரு தள்ளியுள்ள கடைக்குப் போவேன். சந்திப்பில் தடுப்பு வைத்து போலீஸ் நிற்பதால், இன்னொரு பாதுகாப்புக்கு மாத்திரைச் சீட்டையும் பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு எடுத்துக்கொண்டேன்.

ஒரு நாள் காவலர் கையைக் காட்டினார். முப்பது வயதிருக்கும். முகக்கவசத்துக்கு மேலே கைக்குட்டையையும் கட்டியிருந்தார். சட்டை முதுகில் உப்புப் பூத்திருந்தது.

"எங்க சார்?"

"மாத்திரை வாங்க."

"சீட்டு?"

உறையோடு உயர்த்திப் பிடித்தேன். தொடாமல், கழுத்தை மட்டும் நீட்டிப் படித்தார். மேலிருந்து கீழே வந்தவர் அடிக்கோட்டில் நின்றார்.

"வாக்கிங் 30 நிமிடம்னு போட்டிருக்கே சார்."

எனக்குள் ஒரு நம்பிக்கை முளைத்தது. "ஆமா சார். டாக்டரே எழுதியிருக்கார். கட்டாயம் நடக்கணும்னு."

"தேதி 2018 சார்."

"ஆமா…"

"ரெண்டு வருஷமா விட்டுட்டு இன்னிக்குத்தான் ஞாபகம் வந்துதா?"

பின்னால் ஸ்கூட்டரோடு நிறுத்தப்பட்டிருந்தவர் கவசத்துக்குள் சிரிப்பது கேட்டது. வேறு சந்திப்புகளில் தோப்புக்கரணம் போடச் சொன்னதையெல்லாம் வீடியோவில் பார்த்திருந்ததால் என் முழங்கால் முன்கூட்டியே வலிக்க ஆரம்பித்தது. அவர் அப்படி எதுவும் செய்யவில்லை. மரத்தடி நாற்காலியில் இருந்த ஃப்ளாஸ்கிலிருந்து காகிதக் கோப்பையில் கபசுரக் குடிநீரை ஊற்றி நாற்காலி ஓரத்தில் வைத்துவிட்டுத் தள்ளி நின்றார். "குடிச்சிட்டு வீட்டுக்குப் போங்க சார். மொட்டை மாடி இல்லையா உங்களுக்கு?" குடித்தேன். அந்தக் கசப்பை நடுத்தெருவில், அவர் பார்த்துக்கொண்டிருக்கையில், முகம் சுளிக்காமல் விழுங்கியதுதான் அந்த ஊரடங்கில் நான் செய்த ஒரே தேகப்பயிற்சி.

இப்படி மூக்குடைபட்டவன் சும்மா இருக்க வேண்டாமா? வெளியே போகாத நாட்களில் பால்கனியில் நின்று, போகிறவர்களைக் கண்காணிக்கத் தொடங்கினேன். நீலச் சட்டைக்காரர் ஒருவர் தினமும் ஏழு மணிக்குப் பையை வீசியபடி போய், அரை மணியில் திரும்புவார். பையில் கனமே இருக்காது. வாக்கிங்தான், சந்தேகமில்லை. எனக்குக் கிடைக்காதது அவருக்கு மட்டும் எப்படிக் கிடைக்கலாம்? மேலிருந்து படம் எடுத்து, 'சமூகப் பொறுப்பு இல்லாதவர்களால்தான் தொற்று பரவுகிறது' என்று தெருக் குழுவில் போட்டேன். ஐந்து நிமிடத்தில் பதில் வந்தது. இரண்டு தெரு தள்ளித் தனியாக இருக்கும் அப்பாவுக்கு இட்லி கொடுத்துவிட்டு வருகிறாராம். திரும்பும்போது டிபன் காலியாகத்தானே இருக்கும். பதிலை எழுதியது நீலச் சட்டைக்காரரேதான். அவரும் அந்தக் குழுவில் இருந்திருக்கிறார். கடைசியில் ஒரு கும்பிடு பொம்மை வேறு. அழித்துப் பார்த்தேன். 'இந்தச் செய்தி நீக்கப்பட்டது' என்ற வரி என் பெயருக்குக் கீழே நிரந்தரமாக உட்கார்ந்துகொண்டது.

மே தொடக்கத்தில் கோயம்பேடு சந்தை தொற்றுக் கொத்தாக வெடித்து, 5-ஆம் தேதி அதை மூடினார்கள். சந்தை திருமழிசைக்குப் போனது. என் கொத்தமல்லி ராஜதந்திரம் அன்றோடு காலி. "அரைக் கட்டுக் கொத்தமல்லிக்காகக் கோயம்பேட்டையே வீட்டுக்குள்ள கொண்டு வரப்போறீங்களா?" என்று மனைவி உப்பும் மஞ்சளும் கரைத்த தண்ணீரில் இலையை அலசிக்கொண்டே கேட்டாள். வைரஸைவிட எல்லாரும் பயந்தது தகரத்துக்கு. ஒரு வீட்டில் தொற்று என்றால் மாநகராட்சி ஆட்கள் வந்து வாசலில் தகரம் அடித்துவிடுவார்கள். அடுத்த தெருவில் அடித்த சத்தம் எங்கள் வீடுவரை கேட்டது. யாரால் வந்தது என்ற கேள்வி சாகும்வரை நம் வாசலில் நிற்கும். அதிலும் 'வாக்கிங் போனாராம், அதான்' என்று பெயர் எடுப்பது எவ்வளவு கேவலம். போகாமலே அந்தப் பெயரை எடுக்கவும் வாய்ப்பிருந்தது என்பது தனிக்கதை.

ஆனால் என் வண்டவாளம் தண்டவாளம் ஏறியது ஜூனில். 19-ஆம் தேதியிலிருந்து 30-ஆம் தேதிவரை சென்னையிலும் சுற்று மாவட்டங்களிலும் முழு ஊரடங்கு. காலை 6 முதல் பிற்பகல் 2 வரைதான் கடைகள். வண்டி எடுக்கக்கூடாது. தேவையானதை வீட்டிலிருந்து 2 கிலோமீட்டருக்குள், நடந்தே போய் வாங்கிக்கொள்ள வேண்டும். நான் மார்ச்சிலிருந்து எந்த அனுமதிக்காக அரசாணைகளைப் புரட்டினேனோ, அது கட்டளையாகவே வந்துவிட்டது. போக இரண்டு, வர இரண்டு, நாலு கிலோமீட்டர் சட்டப்படி நடக்கலாம். தடுத்து நிறுத்தினால் ஆணையையே காட்டலாம். மனைவி பையையும் பட்டியலையும் மேஜைமேல் வைத்தாள்.

அண்ணாச்சி கடைக்குப் போன் பண்ணினேன். கடை திறந்த நாளெல்லாம் கடைப் பையன் நடந்தே கொண்டுவந்து கொடுத்தான்.

செப்டம்பர் முதல் தேதி பூங்காக்களைத் திறந்தார்கள். இனிச் சொல்ல எதுவும் மிச்சமில்லாததால் ஷூப் பெட்டியை இறக்கினேன். முதல் சுற்றில் ஒன்றும் தெரியவில்லை. இரண்டாவது சுற்றில், எட்டின் வளைவு திரும்பும்போது வலதுகால் அடிப்பாகம் வாயைப் பிளந்தது. நாலைந்து எட்டில் இடதும் பிளந்தது. சென்னை வெக்கையில் பெட்டிக்குள்ளேயே கிடந்தால் பசை இற்றுப்போகுமாம். செருப்புத் தைப்பவர் பிற்பாடு சொன்னார். "போட்டுத் தேஞ்சிருந்தா தாங்கியிருக்கும் சார், போடாம வச்சதாலதான் போச்சு" என்றும் சொன்னார். தினசரி ஆட்கள் கைவீசி நடந்துகொண்டிருந்த பாதையில், படக் படக்கென்று சத்தமெழுப்பியபடி வாசலுக்குப் போய், இரண்டையும் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு சாக்ஸோடு வீடு வந்தேன். மாமி எதிரே வந்தார். எதுவும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

அக்டோபரில் டாக்டரைப் பார்க்க நேரம் வாங்கிக்கொண்டு போனோம். மூன்று மாதச் சராசரி காட்டும் ரத்தப் பரிசோதனை முடிவு அவர் கையில் இருந்தது. போன வருடம் 8.4. இப்போது 7.3. அலுவலகக் கேன்டீன் இல்லை, கல்யாணப் பந்தி இல்லை, நாலு மணிக்கு முக்குக் கடை வாழைக்காய் பஜ்ஜி இல்லை. வீட்டில் போட்டதைத் தின்று கிடந்தேன், அவ்வளவுதான் நடந்தது. டாக்டர் கண்ணாடித் தடுப்புக்கு அப்பாலிருந்து முகமலர்ந்தார்.

"ஊரடங்குல எல்லாருக்கும் ஏறியிருக்கு, உங்களுக்கு மட்டும் இறங்கியிருக்கு. வாக்கிங்கை விடாமப் புடிச்சிட்டீங்கபோல. வெரி குட். இப்படியே கன்டினியூ பண்ணுங்க."

நான் தலையாட்டினேன். பக்கத்து நாற்காலியில் மனைவி சுவரில் மாட்டியிருந்த கணையப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியே வந்து, ஆட்டோவில் ஏறி, டிரைவர் மீட்டருக்கு மேல் எவ்வளவு கேட்கிறார் என்று பேசித் தீர்த்து, வண்டி புறப்பட்ட பிறகுதான் வாயைத் திறந்தாள்.

"முக்குல பஜ்ஜிக் கடை போன வாரமே திறந்தாச்சுன்னு அவர்கிட்ட சொல்லியிருக்கணும்."